ஸ்ஸ்ஸ்... சத்தம் எங்கிருந்து வருது?

காலை ஐந்தே கால் மணி. டிசம்பர் மாதக் குன்னூர். மூக்கு நுனி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செமஸ்டர் லீவில் எட்டு மணி வரை கம்பளிக்குள் கிடக்கலாம் என்ற கனவோடு ஊருக்கு வந்திருந்தேன். முதல் நாளே கனவில் மண்.

"டேய், எந்திரி. வண்டியைத் தள்ளணும்!" அப்பா.

எங்கள் வீட்டில் வர்க்கி அடுப்பு இருக்கிறது. ராத்திரி போட்ட வர்க்கியைக் காலையில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று டீக்கடை டீக்கடையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வெள்ளை அம்பாசிடர். 1995 மாடல், டீசல். என்னைவிடப் பல வருஷம் சீனியர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு டின்களை அடுக்கியிருப்பார் அப்பா. ஆறு மணிக்குள் முதல் கடைக்குப் போகவில்லை என்றால், கடைக்காரர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடுவார். அன்றைய வியாபாரம் போச்சு.

அந்த அம்பாசிடர்தான் ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதாம். ஹீட்டர் போட்டு, சாவியைத் திருப்பினால் 'உர்ர் உர்ர்' என்று முனகுகிறது. சைலன்ஸரில் வெள்ளைப் புகை மட்டும் வருகிறது. பிடிப்பேனா என்கிறது. கடைசியில் சரிவில் தள்ளிவிட்டு, செகண்ட் கியரில் போட்டு, கிளட்சை விட்டால் ஒரு குலுக்கலோடு உயிர் வரும். வந்த பிறகும் பத்து நிமிஷம் நொண்டி நொண்டித்தான் ஓட்டம். சூடு ஏறிவிட்டால் 'நானா? நோயா?' என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளும்.

மெயின் ரோட்டுப் பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறார்கள். அவர் என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். குபுக்கென்று புகை. "பாருங்க, பேக் கம்ப்ரஷன் அடிக்குது. போர் போச்சு. என்ஜினை இறக்கி, போர் பண்ணி, பிஸ்டன் ரிங் எல்லாம் மாத்தணும். அறுபத்தஞ்சாயிரம் ஆகும்" என்று முடித்துவிட்டார். பழைய இரும்புக்காரர் நாற்பதாயிரத்துக்குக் கேட்கிறார். அம்மாவின் சீட்டுப் பணம் எழுபதாயிரம் ஜனவரியில் வரும். ஆனால், அது தங்கச்சி காலேஜில் சேர எடுத்து வைத்திருக்கும் பணம்.

எனவே அப்பா கேட்டார்: "நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே? சொல்லு, செலவு பண்ணலாமா, வித்துடலாமா?"

மூன்று வருஷப் படிப்பில் இதைவிடக் கஷ்டமான வைவா கேள்வியை நான் சந்தித்ததில்லை பாஸ்!

அமுக்கினால் சூடு

ஆர்ட்ஸ் நண்பர்கள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட வேண்டாம். விஷயம் ரொம்ப சிம்பிள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், இல்லையா? அதேதான் டீசல் என்ஜின்.

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறது. அந்த அமுக்கலிலேயே காற்று கொதிக்கிறது. அதில் நாசில் டீசலைப் பூவாகத் தூவ, தானாகப் பற்றிக்கொள்கிறது. 1897-ல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய என்ஜினிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

அம்பாசிடரின் பழைய டீசல் என்ஜின் 1489 சிசி. நான்கு சிலிண்டர். பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது. இதன் கம்ப்ரஷன் ரேஷியோ 23-க்கு 1. அதாவது, 23 பங்கு இடத்தில் இருந்த காற்றை ஒரே பங்கு இடத்துக்குள் திணிக்கிறது. தெர்மல் பேப்பரில் போடும் ஐடியல் கணக்குப்படி, 30 டிகிரி காற்று 790 டிகிரியைத் தொட வேண்டும். நிஜத்தில் சிலிண்டர் சுவர் சூட்டைத் திருடிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 500 டிகிரி கிடைத்தாலே பெரிய விஷயம். டீசல் தானாகப் பற்ற சுமார் 210 டிகிரி போதும் என்பதால் தப்பிக்கிறது.

இப்போது அந்தக் காற்று எங்கேயோ கசிகிறது என்று வையுங்கள். அமுக்கம் குறையும். சூடு குறையும். தூவிய டீசல் எரியாமல் ஆவியாகி வெளியே வரும். அதுதான் வெள்ளைப் புகை. என்ஜின் சூடான பிறகு சுவர் சூட்டைக் குறைவாகத் திருடுவதால் நிலைமை கொஞ்சம் தேறும். எங்கள் வண்டியின் காலை நாடகத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. கம்ப்ரஷன் கம்மி. பட்டறைக்காரர் சொன்னது அதுவரை சரிதான்.

ஆனால், கம்ப்ரஷன் கம்மி என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் போதுமா? எதனால் காய்ச்சல்?

நான் போட்ட டாக்டர் வேஷம்

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் காலேஜ் சீனியர் ஒருவரிடம் டீசல் கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கினேன். ('டீசல்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் என்ஜினுக்கான கேஜ் இதில் தாங்காது, முள் பிய்ந்துவிடும்.)

முறைப்படிதான் செய்தேன். பேட்டரி ஃபுல் சார்ஜ். என்ஜினைச் சூடாக்கி நிறுத்தினேன். நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றினேன். தங்கச்சி ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், டீசல் போகக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு ஓட்டையாகக் கேஜை மாட்ட, அப்பா சாவியைத் திருப்பினார். முள் ஏறி நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன்.

முதல் சிலிண்டர் 21 கிலோ. இரண்டாவது 20. மூன்றாவது 11. நான்காவது 21.

என் நோட்டில் இருந்தது என்ன? இந்த வகை டீசலுக்குப் பொதுவாக 25 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது, 20-க்குக் கீழே போனால் ஸ்டார்ட்டிங் தொல்லை. அப்படியென்றால் மூன்றாவது மட்டுமல்ல, நான்குமே நோயாளிகள்!

அடுத்து ரிங்கா, வால்வா? அதற்கும் புத்தகத்தில் வழி இருக்கிறது. ஓட்டை வழியாகக் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளக்க வேண்டும். எண்ணெய் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி நின்று சந்தை அடைக்கும். அளவு ஏறினால் கசிவு ரிங்கில். ஏறாவிட்டால் கசிவு வால்விலோ, ஹெட் கேஸ்கட்டிலோ. மூன்றாவது சிலிண்டரில் ஆயில் பாட்டில் மூடியால் ஒரு மூடி ஊற்றினேன். அப்பா சாவியைத் திருப்பினார்.

11-ல் இருந்த முள் 24-க்குப் பாய்ந்தது!

"ரிங்தான்பா. போர் தேஞ்சிருக்கு. அவர் சொன்னது கரெக்ட்" என்றேன், கையைத் துடைத்துக்கொண்டே. சினிமாவில் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரும் டாக்டர் மாதிரி.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டை மூடிவிட்டு, அதன் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உள்ளே போய் அம்மாவிடம், "பையன் பார்த்துட்டான். அவங்க சொன்னதுதானாம்" என்றார். சீட்டுப் பணம் பற்றிய பேச்சு அன்றிரவு சமையலறையில் தாழ்ந்த குரலில் நடந்தது. எனக்குக் கேட்டது. ஆனாலும், என் டயக்னாஸிஸ் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முள் பொய் சொல்லுமா என்ன?

மேட்டுப்பாளையம் பாய்

செலவு செய்வதென்று முடிவான பிறகு, விலை கொஞ்சம் குறையுமா என்று கேட்கத்தான் மேட்டுப்பாளையத்துக்கு வண்டியை இறக்கினோம். மலைப் பாதை லாரிகளை முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிற பாய் ஒருவர் அங்கே இருக்கிறார். அப்பாவுக்குப் பழைய பழக்கம்.

நான் என் நோட்டை நீட்டினேன். பார்த்தார்.

"எங்க வெச்சு அளந்தே தம்பி?"

"வீட்லதான் பாய். குன்னூர்ல."

சிரித்தார். எங்கள் கேஜையே வாங்கி, அதே முறையில் திரும்ப அளந்தார். 25, 24, 13, 25.

எனக்குத் தலை சுற்றியது. நேற்று நோயாளிகளாக இருந்த மூன்று சிலிண்டர்கள் மலையிறங்கிய இரண்டு மணி நேரத்தில் குணமாகிவிட்டன!

"மேல காத்து லேசு தம்பி. என்ஜின் உள்ள இழுக்கிறதே கம்மி. அமுக்கினா எப்படி முழுசா வரும்? மலையில நாலஞ்சு கிலோ கம்மியாத்தான் காட்டும்."

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவிகிதம்தான். தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடும். 25-ல் 80 சதவிகிதம் எவ்வளவு? 20. பள்ளிக்கூடக் கணக்கு. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வாழ்ந்தும் எனக்கு உறைக்கவில்லை. புத்தகத்தில் உள்ள எண் கடல் மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதியது என்பதை நான் யோசிக்கவேயில்லை.

ஆக, மூன்று பேர் நல்லவர்கள். கோளாறு மூன்றாவதில் மட்டும். நான்கு சிலிண்டரும் ஒரே ஆயில், ஒரே ரோடு, ஒரே டிரைவர். போர் தேய்ந்தால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தேய வேண்டும்? ஒன்று மட்டும் பாதியாக விழுந்திருக்கிறது என்றால், அங்கே மட்டும் ஏதோ நடந்திருக்கிறது.

"ஆனா பாய், ஆயில் ஊத்தினதும் 24 வந்துச்சே? ரிங்தானே?"

"எவ்வளவு ஊத்தினே?"

"ஒரு மூடி."

பாய் என்னையே பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "நல்லவேளை, ரெண்டு மூடி ஊத்தலை."

17 மில்லி ரகசியம்

ஒரு அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து என்னிடம் கொடுத்து, "நீதான் படிச்சவன். கணக்கைப் போடு" என்றார். போட்டேன்.

1489-ஐ நான்கால் வகுத்தால், ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. ரேஷியோ 23 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 372-ஐ 22-ஆல் வகுத்தது. அதாவது, 17 சிசி. அவ்வளவுதான். மூன்று டீஸ்பூன் கொள்கிற இடம்!

அந்த 17-ல் நான் ஊற்றியது சுமார் 10 மில்லி. எண்ணெயை அமுக்க முடியாது. ஆக, காற்றுக்கு மிச்சம் 7 சிசி. ரேஷியோ என்ன ஆகிறது? 379-ஐ 7-ஆல் வகுத்தால் 54! பிறகு முள் ஏறாமல் என்ன செய்யும்? ரிங் அடைத்ததால் ஏறியதல்ல அது. அறை சுருங்கியதால் ஏறியது. கல்லைப் போட்டுத் தண்ணீரை ஏற்றிய காக்கா கதைதான், பாட்டில் மட்டும் வேறு. போதாததற்கு, இந்த என்ஜினில் ஹீட்டர் பிளக் இருப்பது பிஸ்டனுக்கு நேர் மேலே அல்ல. பக்கத்தில் உள்ள சின்ன முன் அறையில். அதில் ஊற்றிய எண்ணெய் ரிங் வரைக்கும் எவ்வளவு போயிருக்கும்?

புத்தகத்தில் நான் படித்த எண்ணெய் டெஸ்ட் பெட்ரோல் என்ஜினை மனதில் வைத்தது. ரேஷியோ 8 என்றால் இதே சிலிண்டரில் மேலே 53 சிசி இடம் இருக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய் அங்கே பெரிய வித்தியாசம் காட்டாது. டீசலில் ஒரு ஸ்பூன் ஊற்றினாலே ரேஷியோ 32-க்குத் தாவிவிடும். சில துளிகளுக்கு மேல் போகவே கூடாது.

'ரெண்டு மூடி' என்று பாய் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. 20 மில்லி ஊற்றியிருந்தால் 17 சிசி இடம் போதாது. பிஸ்டன் எண்ணெயில் போய் முட்டும். ஸ்டார்ட்டர் விடாமல் தள்ளும். கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். இல்லாத நோயை நானே உண்டாக்கியிருப்பேன், அதுவும் அப்பாவைச் சாவி திருப்பச் சொல்லி.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிளியரன்ஸ் வால்யூம் ஃபார்முலா இரண்டு மார்க் கேள்வி. எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அது ஒரு சிலிண்டருக்குள் இருக்கிற நிஜமான இடம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

காது வைத்துக் கேட்டால்...

பாய் வேலையை ஆரம்பித்தார். வரிசையைக் கவனியுங்கள். சும்மா செய்யக்கூடியது முதலில், ஸ்பேனர் குறைவாகப் பிடிக்கும் வேலை அடுத்து, செலவு வைப்பது கடைசியில்.

என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் துணி சுற்றித் தளர்த்தினார். நல்ல சிலிண்டரின் டீசலை நிறுத்தினால் என்ஜின் திணறும். மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை. அவன் ஏற்கெனவே லீவில் இருக்கிறான். (டீசல் பைப்பில் பயங்கரமான அழுத்தம். பீய்ச்சினால் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். கற்றவர் பக்கத்தில் இல்லாமல் முயற்சி வேண்டாம்.)

அடுத்து, மூன்றாவது நாசிலையும் முதல் நாசிலையும் இடம் மாற்றினார். நாசில் கோளாறு என்றால் நொண்டல் முதல் சிலிண்டருக்குத் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை.

மூன்றாவதாக டேப்பெட் கவரைத் திறந்தார். வால்வு முழுசாக மூட வேண்டும் என்றால், அதை அழுத்தும் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வேண்டும். ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் நுழையவே இல்லை.

"அண்ணே, டேப்பெட் சத்தம் வருதுன்னு யார்கிட்டயாவது டைட் வெக்கச் சொன்னீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "போன வருஷம்... அதுக்கப்புறம் சத்தமே இல்ல பாய். வண்டி கார் மாதிரி ஆயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

"சத்தம் போடுற டேப்பெட் சண்டைக்காரப் பொண்டாட்டி மாதிரிண்ணே. குடும்பம் நடக்கும். சத்தமே இல்லைன்னாத்தான் பயப்படணும்."

விஷயம் இதுதான். ஓட ஓட வால்வு தன் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். அதனால் டேப்பெட் இடைவெளி தானாகவே குறையும். ஏற்கெனவே டைட்டாக வைத்தால், ஒருநாள் இடைவெளி பூஜ்யம். சூடானதும் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கும். உட்காரவே விடாவிட்டால் விளிம்பு கருகும். கருகிய விளிம்பில் காற்று கசியும்.

பாய் டேப்பெட்டைச் சரியான அளவில் வைத்து மறுபடி அளந்தார். 13 கிலோ 14 ஆனது, அவ்வளவுதான். வால்வு ஏற்கெனவே போயிருக்கிறது என்பது அவர் யூகம். ஆனால், அவர் யூகத்தோடு நிற்கவில்லை. "பார்த்துடலாம்" என்றார். எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இந்த ஒரு வார்த்தைதான்.

மூன்றாவது பிஸ்டனை அமுக்கும் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தினார். டாப் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். பழைய நாசில் உடம்பில் தானே பற்றவைத்துச் செய்த குழாயை மாட்டி, கம்ப்ரஸரிலிருந்து 4 கிலோ காற்று கொடுத்தார். (4 கிலோதானே என்று ஃபேன் பக்கம் கை வைக்காதீர்கள். 73 மில்லிமீட்டர் போரில் அது பிஸ்டன் தலையில் ஏறக்குறைய 165 கிலோ எடை. உச்சியிலிருந்து துளி நகர்ந்திருந்தாலும் என்ஜின் படாரென்று சுற்றும்.)

"இப்பக் கேளு தம்பி."

ஏர் ஃபில்டர் வாயில் காதை வைத்தேன். அமைதி. ஆயில் மூடியைத் திறந்தேன். லேசான மூச்சுச் சத்தம். எந்தப் பழைய என்ஜினிலும் அவ்வளவு இருக்கும் என்றார் பாய். ரேடியேட்டரில் எட்டிப் பார்த்தேன். குமிழி இல்லை.

"பாய்... இங்க வாங்க" என்று பின்னால் இருந்து அப்பாவின் குரல்.

சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டியிருந்தார் அப்பா. ஓடிப்போய்க் காதை வைத்தேன். ஸ்ஸ்ஸ்ஸ்... டயரில் ஆணி ஏறினாற்போலத் தெளிவாக!

"அடுப்புக் கதவு சரியா மூடலைன்னா இப்படித்தான் காத்து வரும். வர்க்கி உப்பாது, செவக்காது" என்றார் அப்பா. ஃபார்முலா ஏதும் இல்லாமல், தன் தொழிலிலிருந்தே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நீங்களும் கேட்கலாம்

சிலிண்டருக்குள் காற்றைக் கொடுத்தபின்...

ஏர் ஃபில்டர் பக்கம் சத்தம் வந்தால், இன்லெட் வால்வு மூடவில்லை.

சைலன்ஸரில் வந்தால், எக்ஸாஸ்ட் வால்வு.

ஆயில் மூடியில் பலமாக வந்தால், ரிங் அல்லது போர்.

ரேடியேட்டரில் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

பக்கத்துச் சிலிண்டரில் வந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் கேஜ் அளவு குறைந்தாலும் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஹெட் மட்டும் போதும்

என்ஜினை இறக்கவில்லை. ஹெட்டை மட்டும் கழற்றினார்கள். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் எலி கடித்தாற்போல ஒரு துண்டு கருகிப் போயிருந்தது. புது வால்வு, லேத்தில் சீட் கட்டிங், எட்டு வால்வுக்கும் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உட்காரவைத்தது, புது ஹெட் கேஸ்கட். ஹெட் திறந்திருக்கும்போதே போரையும் அளந்து காட்டினார். தேய்மானம் இருக்கிறது, லிமிட்டுக்குள் இருக்கிறது. மூன்று நாள். மொத்தம் 11,800 ரூபாய்.

கடைசியாக அளந்தபோது 25, 25, 24, 25.

கதை இத்தோடு சுபம் என்று சொல்ல மாட்டேன். வண்டி இன்னமும் ஆயில் கொஞ்சம் குடிக்கிறது. ரெண்டு வருஷத்தில் ரிங் பார்க்க வேண்டியிருக்கும் என்று பாய் முன்கூட்டியே சொல்லிவிட்டார். உத்தரப்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஸ்பேர் தேடுவது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகிறது. எப்படியும் ஒருநாள் அந்த இரும்புக்காரர் ஜெயிப்பார். ஆனால், அந்த நாள் இந்த ஜனவரி இல்லை. சீட்டுப் பணம் சீட்டுப் பணமாகவே இருக்கிறது.

மலையேறி வரும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன்பா. நீங்க நம்பிட்டீங்க."

பர்லியாறு தாண்டி ஒரு வளைவு முழுக்க ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "முதல்ல போட்ட வர்க்கியை நானும் கருக்கியிருக்கேன். எங்கப்பா அதைத்தான் எனக்குச் சாப்பிடக் கொடுத்தாரு" என்றார்.

எனக்குப் பட்டது இதுதான் நண்பர்களே. பட்டறைக்காரர் அளக்காமலே தீர்ப்புச் சொன்னார். நான் அளந்துவிட்டுத் தப்பாகத் தீர்ப்புச் சொன்னேன். இரண்டில் எது ஆபத்து? என்னுடையதுதான். அவர் சொன்னதை அப்பா சந்தேகப்பட்டார். நான் சொன்னதைச் சந்தேகப்படவில்லை. கையில் கருவி, நோட்டில் எண், கூடவே 'இன்ஜினீயரிங் படிக்கிற பையன்' என்ற பட்டம். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக, எங்கே வைத்து அளந்தேன், எவ்வளவு ஊற்றினேன் என்ற இரண்டு கேள்விகளை நானே என்னைக் கேட்டிருக்க வேண்டும். பரீட்சையில் தப்பு விட்டால் அரியர். வீட்டில் தப்பு விட்டால் அதைக் கட்டுவது தங்கச்சி.

லீவு முடியும்வரை தினமும் ஐந்தே காலுக்கு நானே எழுந்தேன். தள்ளுவதற்கு அல்ல. ஹீட்டர் போட்டு, இருபது எண்ணி, சாவியைத் திருப்புவதற்கு. அரைச் சுற்றில் பிடித்துக்கொள்கிறது. டேப்பெட் லேசாக 'டிக் டிக்' என்கிறது.

அந்தச் சத்தம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் அப்பா.

பின்குறிப்பு: சீனியரின் கேஜைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாச்சு. கூடவே ஒரு டின் வர்க்கி. பாய்க்கு இரண்டு டின். அடுத்த வாரம் வேறொரு கிரீஸ் கறையோடு சந்திப்போம்!